பனிநாட்டு இல்லங்களில் கூதிர்காலம்

பருவங்களை வகுத்துப் பெயரிடுவதில் தமிழர் எந்த இனத்தார்க்கும் பின்தங்கியவரல்லர். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொழுது இன்னதென்று தொல்காப்பியர் வரையறுத்தார். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். இவ்வாறு நிலமும் பொழுதும் மாந்தர் ஒழுக்கமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் முறையை நம் மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கின்றனர். ஆனால் அந்த ஆறனுள் 'இலையுதிர்காலம்' என்று ஒன்று இல்லை. மேனாட்டு நூல்களைத் தமிழாக்கியபோது நம் நடையில் வந்து ஊன்றிய சொல் அது. நம் நாட்டிலே இலைகள் மிகுதியும் உதிர்வது மாசி பங்குனி வெயிலில். ஐப்பசி மழை விழுந்ததும் புத்தளத்துப் பற்றைக்காடுகள் தளிர்க்கத் தொடங்குகின்றன. பனையும் தென்னையும் எக்காலத்தும் ஒருசேர இலை கழிப்பதில்லை. ஆகவே நம் பிள்ளைகளில் ஒருவர் 'இலையுதிர்காலம்' என்று எழுதினால், அவர் கண்டதை எழுதவில்லை, படித்ததை எழுதுகிறார் என்றே கொள்ளவேண்டும்.

அச்சொல்லுக்கு இப்பொழுது உண்மையான உரிமையாளர் தோன்றிவிட்டனர். நோர்வே, டென்மார்க், சுவீடன் முதலிய வடபுல நாடுகளில் பல்லாயிரம் தமிழர் வாழ்கின்றனர். நோர்வே ஒன்றில் மட்டும் இலங்கைத் தமிழ் வழியினர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அங்கே பிறந்த குழந்தைக்குச் செம்பொன் நிறமாகி மரம் மொட்டையாவது கண்கண்ட செய்தி. மாமரம் பூப்பதுதான் புத்தகச் செய்தி. கற்பனையும் அனுபவமும் இடம் மாறிவிட்டன. ஆயினும் அந்த இல்லங்களின் கூதிர்காலமும், அதனைத் தொடர்ந்து வரும் விடுமுறைகளும் விழாக்களும் தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. இக்குறைக்கு அங்குள்ளோரை மட்டும் பொறுப்பாளிகளாக்குதல் நேர்மையன்று. இங்கிருந்து அவர்களைப் படிக்கும் நாம் அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதையும் நோக்கவேண்டும்.

முதலில் அக்குடும்பங்கள் அங்கு அமைந்த வரலாற்றைச் சிறிது பார்ப்பது தகும். ஏனெனில் 'குடும்பம்' என்பதே அங்கு எளிதில் கிட்டிய பொருளன்று. 1956இல் யாழ்ப்பாணத்து ஆன்டனி இராஜேந்திரம் நோர்வே சென்று குடியேறினார். பின்னர் அவர் முயற்சியால் எழுந்த 'சீநோர்' திட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் படகு கட்டும் தொழிலையும் வலைத்தொழிலையும் நடத்தியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்நாட்டு மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கவென்று இளைஞர் பலர் சென்றனர். 1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் அகதிகளாய்ச் சென்றோர் தொகை பெருகியது. அவர்களுட் பலர் நோர்வேயின் வடகோடியான பின்மார்க் மாநிலத்து மீன் ஆலைகளில் வேலைக்கு நின்றனர். சூரியன் இரண்டு மாதமளவும் தலைகாட்டாத கரை அது. குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலைத் தொழிலாகக் கண்டு வளர்ந்தவருக்கு மீன் அந்நியமன்று. ஆனால் நண்பகலில் விளக்கேற்றி மீன் அறுப்பது அந்நியமே. அவர்கள் பெரும்பாலும் தனியாட்கள். மனைவியோ தாயோ வந்துசேர ஆண்டுகள் சென்றன.

டென்மார்க்கில் அந்தக் காத்திருப்பு ஓர் அரசாங்கத்தையே வீழ்த்தியது. அகதிகளாய் வந்திருந்த தமிழரின் மனைவி மக்களை வரவழைக்கும் விண்ணப்பங்களை, சட்டம் இடங்கொடுத்தும், 1987இல் நீதியமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன் கிடப்பிற் போடுவித்தார். உண்மை வெளியானபோது 1993 ஜனவரியில் பிரதமர் போல் சுளூட்டர் பதவி துறந்தார். 1995இல் அமைச்சர் விசேட உயர்மன்றத்தின் முன் குற்றவாளியாகக் காணப்பட்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். அந்நாட்டு வரலாற்றில் அதற்குத் 'தமிழர் வழக்கு' என்றே பெயர். தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பதற்கு அங்கு இத்துணை வரலாறு வேண்டியிருந்தது. அந்த மேசையில் இப்பொழுது என்ன நிகழ்கிறது என்று கேட்பதும் இலக்கியத்தின் கடமைகளுள் ஒன்றாம்.

ஒஸ்லோ நகரின் புறத்தே அடுக்குமாடி ஒன்றில் வாழும் குடும்பமொன்றை மனத்தில் வரைந்து பார்ப்போம். பெற்றோர் இங்கு பிறந்தவர்; பிள்ளைகள் இருவர் அங்கு பிறந்தவர். செப்டம்பர் பிறந்ததும் மழையாடையும் நீர் புகாத சப்பாத்தும் வெளியே வருகின்றன. மழை பெய்கிறதென்று அங்கே பிள்ளைகளை உள்ளே பூட்டி வைப்பதில்லை. காலநிலையில் குற்றமில்லை, உடையிலேதான் குற்றம் என்பது அந்நாட்டார் கொள்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குச் செல்கின்றனர். யாருடைய காடாயினும் எவரும் உலவலாம், காட்டுப் பழங்களைப் பறிக்கலாம் என்னும் பழைய வழக்கை நோர்வே 1957இல் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. வேலியடைப்பு வழக்கினால் மூன்று தலைமுறை நீதிமன்றம் ஏறிய நம்மவருக்கு இது வியப்பூட்டும் சட்டமே. கருநீலப் பழத்தைப் பிள்ளைகள் அங்கேயே தின்று வாயெல்லாம் நிறமாகி வருவர்; செந்நிறப் புளிப்புப் பழத்தைத் தாய் மிளகாயும் உப்பும் இட்டு ஊறுகாயாக்கி வைப்பாள். அந்த ஊறுகாய் நோர்வே உணவா, தமிழ் உணவா என்று வகைப்படுத்த முற்படும் ஆராய்ச்சியாளருக்கு என் அனுதாபம் உரியது.

செப்டம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை அந்நாட்டாரின் தேசிய உணவுக்குரிய நாள். ஆட்டிறைச்சியையும் கோவாவையும் அடுக்கடுக்காக இட்டு, இடையே முழு மிளகைத் தூவி நெடுநேரம் வேகவைப்பர். வேறு வாசனைப் பொருள் இல்லை. மிளகு அவர்கள் மண்ணில் விளைவதன்று; நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டிப் போனது. பாட்டி வீட்டு உணவென்று அவர்கள் போற்றும் கலத்திலே நம் நிலத்தின் பயிர் ஒன்று முன்பே போய்க் கிடக்கிறது. இதனை ஒரு தமிழ்ப் பிள்ளை கண்டு எழுதினால் அது எவ்வளவு அழகிய கட்டுரையாகும்!

பின்னர் மீனெண்ணெய்க் காலம் வருகிறது. பெயரில் 'ர' வரும் மாதங்களில், அஃதாவது செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் முடிய, நாள்தோறும் ஒரு கரண்டி பண்ணா மீன் ஈரலெண்ணெய் பருகவேண்டும் என்பது நோர்வேப் பாட்டிமார் விதி. வெயில் குன்றிய மாதங்களில் உடலுக்கு வேண்டிய ஊட்டத்தை அது அளிக்கிறது. மாதப் பெயர்களைத் தமிழில் எழுதினாலும் இவ்விதி பிழைப்பதில்லை என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னோக்கித் திருப்புகின்றனர். அதன் பிறகு மாலை என்பதே இல்லை. பள்ளியிலிருந்து பிள்ளைகள் திரும்பும்போது இருள் கவிந்திருக்கும். வாகனமோட்டிகள் காணும்பொருட்டு அவர்கள் மேலங்கியில் ஒளி எதிர்க்கும் பட்டிகள் தொங்கும். டிசம்பர் நடுவில் ஒஸ்லோவில் பகற்பொழுது ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

இவ்விருளையும் குளிரையும் எழுதத் தமிழிற் சொல்லில்லை என்பார் நெடுநல்வாடையை மறுமுறை புரட்டிப் பார்ப்பாராக. நக்கீரர் காட்டும் கூதிர்காலத்து ஊரிலே வானம் இருண்டு பகலும் இரவும் தெரியாமல் மயங்குகின்றன. மாலை வந்ததா என்று அறிய மாட்டாத மகளிர், பறித்து வைத்த பிச்சியரும்பு மலர்வதைக் கண்டு பொழுதறிந்து விளக்கேற்றுகின்றனர். சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. விசிறி சுருங்கித் தொங்குகிறது. மாடத்துச் சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. நெருப்புச் சட்டியைச் சுற்றி மாந்தர் குளிர்காய்கின்றனர். கோடைக்குரிய பொருள்களெல்லாம் எவ்வாறு கைவிடப்பட்டுக் கிடக்கின்றன என்பதைக் காட்டியே குளிரை உணர்த்தும் புலமை அது. மதுரைக் குளிருக்கும் ஒஸ்லோக் குளிருக்கும் அளவில் ஒப்பில்லைதான். ஆனால் அந்தக் கண் நம்மிடம் இருந்தது. நிலவறைக்குள் பூட்டப்பட்ட மிதிவண்டியையும், பலகணியில் கவிழ்த்த பூந்தொட்டியையும், அலுமாரியின் மேற்றட்டுக்குப் போய்விட்ட பருத்திச் சட்டையையும் பார்க்க அதே கண் போதும். பொழுதறிய அங்கே பிச்சியில்லை. தெருவிளக்கு எரிவதைக் கொண்டே தாய் மாலையென்று அறிகிறாள். நக்கீரருக்கு இதில் புரியாதது ஒன்றுமிராது என்பது என் துணிபு.

இனி விடுமுறைகளைப் பார்ப்போம். ஒக்டோபர் மாதத்தில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு கிழமை விடுமுறை உண்டு. நோர்வேயில் சற்று முன்னும், டென்மார்க்கில் மாத நடுவிலும், சுவீடனில் மாத முடிவிலும் அது வரும். டென்மார்க்கில் முதியோர் அதனை இன்றும் 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்பர். முற்காலத்தில் கிழங்கு கிண்டும் வேலைக்குப் பிள்ளைகளின் கை வேண்டியிருந்தமையால் எழுந்த விடுமுறை அது. இன்று கிழங்கைப் பொறி கிண்டுகிறது. விடுமுறை மட்டும் எஞ்சியிருக்கிறது. அறுவடைக்குப் பிள்ளைகளை மறித்து வைக்கும் பழக்கத்தை வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஆசிரியத் தொழில் பார்த்தவர் நன்கறிவர். அங்கே அரசாங்கம் நாட்காட்டியில் குறித்துக் கொடுத்ததை இங்கே நாம் வரவேட்டில் சிவப்பு மையால் குறித்தோம், வேறுபாடு அவ்வளவே.

நவம்பர் தொடக்கத்தில் வரும் சனி ஞாயிறுகளில் கல்லறைகளுக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றுவது அந்நாட்டார் வழக்கம். உறைபனி படிந்த நிலத்தில், நாலு மணிக்கே கவிந்த இருளில், நூற்றுக்கணக்கான சுடர்கள் காற்றுக்கு மறைப்பிட்ட கூடுகளில் எரியும். நம் கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாள் மரித்தோரை நினைந்து சேமக்காலையில் திரி ஏற்றுவதை இக்கரையில் எல்லாரும் கண்டிருக்கிறோம். எண்பதுகளில் இளைஞராய்ச் சென்றோர் இப்பொழுது முதியோர். அவர்களிற் சிலர் அம்மண்ணிலேயே அடங்கிவிட்டனர். அங்கு பிறந்த பிள்ளை தன் தந்தைக்கோ பாட்டனுக்கோ அங்கேயே சுடரேற்றுகிறது. ஓர் இடம் நமக்கு ஊராவது வீடு வாங்கிய நாளிலன்று, நம்மவர் ஒருவரை அங்கே புதைத்த நாளில் என்று தோன்றுகிறது. இந்தச் சுடரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல சிறுகதையேனும் நான் இன்னும் படித்ததில்லை.

கார்த்திகை விளக்கீடு அடுத்து வருகிறது. முற்றத்தில் வாழைக்குற்றி நட்டுத் தீபமேற்ற அங்கே முற்றமுமில்லை, வாழையுமில்லை. சாளரத்தின் உட்புறத்தில் விளக்கு வைக்கின்றனர். அதே நாட்களில் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளுக்கென அயல்வீட்டார் தங்கள் சாளரங்களில் கடதாசி நட்சத்திரமும் மெழுகுதிரியும் வைக்கின்றனர். வெளியே பனியில் நின்று பார்ப்பவனுக்கு எவ்வீடு எச்சமயத்ததென்று தெரியாது. டிசம்பர் 13இல் லூசியா திருநாள். வெண்ணாடை தரித்த சிறுமி தலையில் சுடர்முடி சூடி முன்செல்ல ஏனையோர் பாடிப் பின்செல்வர். சிசிலித் தீவுப் புனிதை ஒருத்தி இருள்நாட்டார்க்கு ஒளிநங்கையானது மக்கள் வழக்கின் விந்தை. அவ்வரிசையில் இரட்டைப்பின்னல் போட்ட நம் சிறுமியரும் நடக்கின்றனர்.

நத்தார் விழாவில் மிகச் சிறந்தது அதன் முந்திய மாலையான 24ஆம் நாள். மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடிப் பாடுவர். அந்நாட்களில் உண்ணப்படும் இனிய பண்டங்களுள் ஒன்று பாலிற் குழைத்த அரிசிக் கஞ்சி. நெல் விளையாத நாடுகளில் அரிசி ஒருகாலத்தில் செல்வர்க்கே உரிய இறக்குமதிப் பொருளாயிருந்தது; அதனால் அது திருநாளுக்குரியதாயிற்று. கஞ்சியினுள் ஒரே ஒரு வாதுமைப் பருப்பை மறைத்து வைப்பர். யார் கலத்தில் அது அகப்படுகிறதோ அவர்க்குப் பரிசு. பண்ணைவீடுகளில் களஞ்சியத்தைக் காக்கும் குள்ளத் தேவதைக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கும் வழக்கம் இருந்தது. வைரவருக்கும் அண்ணமாருக்கும் பொங்கி வைத்த வழியில் வந்த ஒரு தாய் இதனைக் கேட்டால் 'இது நம்முடையது போலல்லவா இருக்கிறது' என்று சொல்லாதிருப்பாளா? தை பிறந்ததும் அதே அடுப்பில் அதே அரிசியில் சர்க்கரையும் பயறும் இட்டுப் பொங்குகிறாள். பிள்ளைகள் பொங்கலிலும் வாதுமைப் பருப்பைத் தேடினால் அவர்களைத் திருத்த வேண்டியதில்லை.

முஸ்லிம் இல்லங்களில் பருவமாற்றம் வேறு வகையாய் உணரப்படுகிறது. நம் கரையில் நோன்பின் நேரம் எம்மாதத்திலும் பதின்மூன்று மணி அளவிலேயே நிற்கும். அங்கோ 2016இல் ரமழான் சூன் மாதத்தில் வந்தபோது நள்ளிரவை அண்டியே நோன்பு திறக்க நேர்ந்தது. ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னேறி, 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக ரமழான் வரும். அப்பொழுது பள்ளி விடும் நேரத்திலேயே நோன்பு திறந்துவிடலாம். பிறையும் சூரியனும் இவ்வாறு ஒன்றையொன்று துரத்துவதை நாம் இங்கே உணர்வதேயில்லை.

இவற்றையெல்லாம் குறிஞ்சிப்பிட்டியில் இருந்துகொண்டு நான் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர் வினவலாம். ஒரு புறம் புத்தளக் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்ட கற்பிட்டி மணற்றீபகற்பத்தில் உள்ள ஊர் இது. மலையின் சாயலும் இல்லாத இவ்வூருக்குக் குறிஞ்சி என்னும் பெயர் எவ்வாறு வாய்த்ததென்பதைப் பெயராராய்ச்சியாளரிடம் விட்டுவிடுகிறேன். எனினும் குறிஞ்சிக்குரிய கூதிர்காலத்தைப் பற்றிப் பேச இப்பெயர் ஒரு சிறு உரிமை தருமென்று கொள்கிறேன். இங்கே பருவத்துக்குப் பெயர் வைப்பது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். தொழிலாளர் வேறு கரைகளை நாடுவர். வாடை திரும்பியதும் கடல் தணிந்து வாடிகள் எழும். அதே சோளகக் காற்றை விரும்பி இப்பொழுது ஐரோப்பியர் விடுமுறைக்கு வந்து, பட்டம் இழுக்கப் பலகை மீதேறிக் களப்பிலே வழுக்கி விளையாடுகின்றனர். ஒருவன் தொழிலை நிறுத்தும் காற்று மற்றொருவனுக்கு விளையாட்டாகிறது. பருவம் என்பது வானத்தில் மட்டும் இருப்பதன்று, அதன்கீழ் நிற்பவன் செய்யும் வேலையிலும் இருக்கிறது என்பதற்கு இக்கரை நல்ல சான்று.

வேறொரு காரணமும் உண்டு, அது விளையாட்டன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். ஓலைக் கொட்டில்களில் அந்த மாரியைக் கழித்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்று தாமும் பெற்றோராயிருக்கின்றனர். அவர்களிடம் 'உங்கள் ஊர் எது' என்று கேட்டால் தந்தை எருக்கலம்பிட்டி என்பார். மகன் சற்றுத் தயங்குவான். அத்தயக்கம் நன்றியின்மையுமன்று, மறதியுமன்று. தான் காணாத ஊரைத் தன் ஊரென்று சொல்லவேண்டிய கடமைக்கும், கண்டு வளர்ந்த ஊரை அவ்வாறு சொல்லக் கூசும் மனத்துக்கும் இடையே அவன் நிற்கிறான். இக்கரையில் கற்பித்த ஆசிரியர் யாவரும் அத்தயக்கத்தை வகுப்பறையிற் சந்தித்தவரே. ஒஸ்லோவிலும் ஹேர்னிங்கிலும் பிறந்த பிள்ளையின் தயக்கமும் அதன் உடன்பிறப்பே.

அப்பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? அங்கிருந்து வரும் கட்டுரைகளையும் கவிதைகளையும் இங்குள்ள இதழ்களும் போட்டி நடுவர்களும் வரவேற்கும் முறையைப் பாருங்கள். பனைமரம் வந்தால் மகிழ்கிறோம். முற்றத்து மணலும் அம்மம்மா சுட்ட தோசையும் வந்தால் கண்கலங்குகிறோம். பனி வந்தாலோ அது துன்பத்தின் குறியாக வரவேண்டும் என்று விரும்புகிறோம். குளிர்நாட்டில் வாழும் தமிழன் ஏங்கிக்கொண்டேயிருப்பது அவன் தமிழுணர்வுக்குச் சான்றென்று நமக்கொரு நம்பிக்கை. முதல் தலைமுறைக்கு அந்த ஏக்கம் உண்மை. எண்பதுகளின் இறுதியில் நோர்வேயிலிருந்து வெளிவந்த 'சுவடுகள்' இதழும், 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த 'பனியும் பனையும்' கதைத்தொகுதியும், நோர்வேயில் வாழ்ந்த வ.ஐ.ச. ஜெயபாலன் போன்றோர் கவிதைகளும் அவ்வுண்மையிலிருந்து பிறந்தவை. 'ஆறாந்திணை' என்றொரு பெயரும் எழுந்தது. அவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் பாட்டன் ஏக்கத்தைப் பேரன் இரவல் வாங்கி எழுதும்போது அது பாடமாகிவிடுகிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒரு சிறுமி காணாத பனையைப் பற்றி நூறு சொற்கள் எழுதி மதிப்பெண் பெறுகிறாள்; காலையில் தான் சறுக்கி விழுந்த பனிக்கட்டியைப் பற்றி நோர்வே மொழியில் தோழிக்குச் சொல்கிறாள். எந்த மொழியில் அவள் வாழ்கிறாள் என்று சொல்லவேண்டியதில்லை. தமிழை நாம் பாட்டியின் ஊருக்குரிய மொழியாக மட்டும் ஆக்கிவைத்தால், பாட்டி மறைந்த மறுநாள் அவளுக்கு அதில் பேசப் பொருளிராது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை எளிதிற் புறக்கணிக்கலாகாது. அவர்கள் வாழ்வை அப்படியே தமிழில் எழுதத் தொடங்கினால், வேற்றுமொழிச் சொற்கள் வெள்ளமாய்ப் புகுந்து தமிழ் உருக்குலையும் என்று பெரியோர் அஞ்சுகின்றனர். தமிழெழுத்தில் எழுதிய நோர்வே மொழியே மிஞ்சும் என்கின்றனர். மொழியைப் பேணுவோர் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இக்கடற்கரையில் இருந்துகொண்டு அவ்வாறு அஞ்சுதல் எனக்கு இயலவில்லை. நாம் 'நத்தார்' என்கிறோம். அது போர்த்துக்கேயர் சொல். காலில் மாட்டும் சப்பாத்தும் அவர்களுடையது. கற்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் 'கந்தோர்' என்ற சொல்லை விட்டுச் சென்றனர். நம் பாட்டன்மார் கந்தோருக்குப் போய் உழைத்தே நம்மைப் படிப்பித்தனர். நோர்வேயிலும் டென்மார்க்கிலும் அலுவலகத்துக்குப் பெயர் 'கொன்தூர்' என்பது அறிந்தபோது வியந்தேன். இரண்டும் ஒரே வேரின. யாழ்ப்பாணத்துக் கந்தோர்க் கிளாக்கரின் பேர்த்தி ஒஸ்லோவில் அதே சொல்லைப் புதுச்சொல் என்று எண்ணிக் கற்கிறாள். தமிழ் இவற்றால் உருக்குலையவில்லை. வினைமுற்றும் வேற்றுமையுருபும் தம்மிடத்தில் உறுதியாய் நின்றன. நத்தாருக்குத் திருநாளென்றும் கந்தோருக்கு அலுவலகமென்றும் பின்னர் நல்ல சொற்களும் கிடைத்தன. பேச ஒரு பொருள் இருந்தால் சொல்லைத் திருத்திக்கொள்ளலாம். பேசுவார் இல்லாதபோது தூய சொற்பட்டியல் யாருக்குப் பயன்படும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அங்குள்ள வாழ்வைப் புகழ்ந்து எழுதுவதே தமிழை வளர்ப்பதாகும் என்று நான் கூறவில்லை. அவ்விருளிலே தனித்து மெலிந்தோர் உண்டு. பின்மார்க்கின் ஆலைகளில் கைவிரல் மரத்துப்போனோர் உண்டு. தந்தை சொல்லும் தமிழ் மகளுக்கும், மகள் சொல்லும் நோர்வே மொழி தந்தைக்கும் புரியாத மேசைகளும் உண்டு. மரத்தைச் சுற்றி ஆடலாமா கூடாதா என்று வீட்டுக்குள்ளேயே மூண்ட சச்சரவுகளும் இருந்திருக்கும். அவையே எழுதப்படட்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதிலே நோர்வே சென்ற கம்சாயினி குணரத்தினம், 2011இல் ஊத்தேயாத் தீவில் நிகழ்ந்த படுகொலையில் உயிர் தப்பி, 2015இல் ஒஸ்லோவின் துணை நகரமுதல்வரானார். 2021இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். அச்செய்தியை நாம் பெருமிதத்தோடு அச்சிட்டோம். ஒரு தமிழ்ப்பெண் பதவி பெற்றாளென்பதில் நமக்கிருந்த ஆர்வம், அந்நாட்டின் துயரமும் அவளுடைய துயரமும் ஒன்றாகிவிட்டன என்பதில் இருக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சிறு முயற்சியை முன்வைக்கிறேன். இக்கரையின் பாடசாலை ஒன்றும், அங்குள்ள வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றும் ஓராண்டுக் காலம் மாதம் ஒரு கடிதம் மாற்றிக்கொள்ளட்டும். விதி ஒன்றே: அந்த மாதத்தில் தாம் கண்டதும் செய்ததும் மட்டுமே எழுதவேண்டும். நம் பிள்ளைகள் பனையைப் புகழவேண்டியதில்லை. வாடை திரும்பிய நாளில் வாடியில் என்ன நடந்தது, களப்பில் எந்த மீன் பட்டது என்று எழுதட்டும். அங்குள்ள பிள்ளைகள் கடிகாரம் திருப்பிய இரவையும், மீனெண்ணெயின் நாற்றத்தையும், கஞ்சியில் வாதுமைப் பருப்பு யாருக்குக் கிடைத்தது என்பதையும் எழுதட்டும். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடும் ஆவலை ஆசிரியர் ஓராண்டு அடக்கிக்கொள்ளட்டும். சொல் தெரியாத இடத்தில் அவர்கள் மொழிச் சொல்லையே இட்டு எழுத விடுவோம்; அதற்குத் தக்க தமிழ்ச்சொல்லை இங்குள்ள மாணவர் சிந்தித்து மறுகடிதத்தில் அனுப்பலாம். சோளகத்துக்கு அவர்கள் மொழியில் என்ன சொல்வதென்று அங்குள்ளோர் திண்டாடட்டும்.

இம்முயற்சியைத் தொடங்க விரும்புவோர் புரட்டாசி பிறக்கும்போதே முதற் கடிதத்தை எழுதிவிடுதல் நன்று. பிந்தினால் டென்மார்க்கில் உருளைக்கிழங்கு விடுமுறை தொடங்கிவிடும். மறுமொழிக்கு ஒரு கிழமை கூடுதலாகக் காத்திருக்க நேரும்.